முதலில் கண்டவர்கள்

சாக்கடலின் வடமேற்குக் கரையை ஒட்டிய கும்ரான் மலைச்சரிவில், 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தையொட்டி, ஆடு மேய்க்கும் இளைஞர் சிலர் மந்தையை ஓட்டிச் சென்றனர். தாமிரே என்னும் நாடோடி அரபுக் குலத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 'ஓநாய்' என்று பொருள்படும் பட்டப்பெயர் கொண்ட முகமது எத்-தீப் அவர்களுள் ஒருவன். வழிதவறிய ஆட்டைத் தேடிச் சென்றபோது ஒரு குகைக்குள் அவன் கல்லெறிந்ததாகவும், உள்ளே மண்சாடி உடையும் ஓசை கேட்டதாகவும் சொல்வர். இக்கதை பல வடிவங்களில் வழங்குகிறது. எந்த வடிவத்தை ஏற்றாலும், சாடிகளுக்குள் இருந்த தோலேடுகளை முதலில் கண்டவர்கள் எழுத்தறியாத அந்த ஆயர்களே. அவற்றுள் ஒன்று எசாயா இறைவாக்கினரின் நூல் முழுவதையும் கொண்டது. ஏழு மீட்டருக்கும் மேல் நீளமானது. அதுவரை உலகம் அறிந்திருந்த எபிரேய விவிலியப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழமையானது.

சாக்கடல் ஏடுகளின் பெருமையை நம் வாசகர்கள் பல கட்டுரைகளில் படித்திருப்பார்கள். அவற்றைக் கண்டெடுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். ஏடுகள் பெத்லகேமில் செருப்புத் தைக்கும் தொழிலும் பழம்பொருள் வாணிகமும் செய்துவந்த காண்டோ என்பவரிடம் போய்ச் சேர்ந்தன. எருசலேமிலிருந்த சிரியத் திருச்சபைப் பேராயர் மார் அத்தனாசியுஸ் நான்கு ஏடுகளை வாங்கினார். அவர் கொடுத்த தொகை ஏறத்தாழ இருபத்துநான்கு பவுன். 1954ஆம் ஆண்டு சூன் முதல் நாள் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளேட்டில் அந்நான்கும் விற்பனைக்கு உண்டு என விளம்பரம் வந்தது. இரண்டரை இலட்சம் டாலருக்கு அவை கைமாறின. ஆயர்கள் பெற்ற முதல் விலையையும் கடைசி விலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கில் எத்தனை இடைத்தரகர் புகுந்தனர் என்பது விளங்கும்.

அதன்பின் நடந்தது இன்னும் கருத்தூன்றத் தக்கது. எருசலேம் விவிலியப் பள்ளியைச் சேர்ந்த தொமினிக்கன் துறவி ரோலான் தெ வோ, யோர்தான் தொல்பொருள் துறைத் தலைவர் ஹார்டிங் ஆகியோர் 1949இல் முதல் குகையை முறைப்படி ஆராயச் சென்றனர். அதற்குள் அக்குகை திருட்டுத்தனமாகக் கிளறப்பட்டிருந்தது. 1952இல், ஆய்வாளர்களது அகழ்விடத்துக்குக் கூப்பிடு தொலைவில் இருந்த நான்காம் குகையை ஆயர்களே கண்டனர். ஆயிரக்கணக்கான துண்டுகள் அதில் கிடந்தன. துண்டுக்கு இத்தனை என்று விலை பேசினால் ஒரு துண்டை இரண்டாக்கி விற்கத் தோன்றும் என்பதை உணர்ந்த ஹார்டிங், பரப்பளவுக்கு விலை வைத்தார்: சதுர செண்டிமீட்டருக்கு ஒரு பவுன். பெரிய துண்டைக் கிழிப்பதால் ஆதாயமில்லை என்னும் நிலை இதனால் உருவாயிற்று. அறிவுள்ள ஏற்பாடுதான். ஆயினும் எந்தத் துண்டு எந்தக் குகையில், எந்த மூலையில், எதன் அருகில் கிடந்தது என்ற செய்தியை எந்த விலையாலும் வாங்க முடியவில்லை.

கும்ரானில் ஏடுகள் கண்டறியப்பட்ட குகைகள் பதினொன்று. அவற்றுள் வளமிக்க ஒன்றாம், நான்காம், பதினோராம் குகைகளைக் கண்டவர்கள் ஆயர்களே. அந்த மலையின் ஒவ்வொரு பிளவையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவை யாரும் அறிவாகக் கொள்ளவில்லை. அவர்கள் கொண்டுவந்த சரக்கை மட்டும் உலகம் விலைக்கு வாங்கிற்று.

இதற்கு ஏழாண்டுகள் முன்பு பிரான்சு நாட்டில் நடந்த ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1940ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நாடு செர்மானியரிடம் வீழ்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. தோர்தோஞ் பகுதியிலுள்ள மோந்தினியாக் என்னும் சிற்றூரில், மார்செல் ரவிதா என்ற தொழிலாளி இளைஞன் காட்டுக்குள் ஒரு பள்ளத்தைக் கண்டான். சில நாள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, மூன்று தோழர்களுடன் விளக்கும் கத்தியும் கொண்டு திரும்பி வந்தான். ழாக் மர்சால், ழோர்ழ் அஞெல், சிமோன் கோவன்காஸ் என்பவர்கள் அத்தோழர்கள். நால்வரில் எவரும் பதினெட்டு வயதைத் தாண்டாதவர்கள். துளையை அகலமாக்கிச் சறுக்கி இறங்கியவர்கள், விளக்கொளியில் காட்டெருதுகளும் குதிரைகளும் மான்களும் சுவரெங்கும் ஓடக் கண்டார்கள். பதினேழாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என இன்று மதிக்கப்படும் லாஸ்கோ ஓவியங்கள் அவை.

இளைஞர் கூட்டத்தில் இரகசியம் எத்தனை நாள் தங்கும்? சில நாள்களில் அது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் லெயோன் லவால் என்பவரிடம் சென்றது. இவர் இவர்களது விளையாட்டோ என்று முதலில் ஐயுற்றார். பின்னர் முதுமையையும் பாராது அந்தத் துளை வழியே இறங்கினார். கண்டதும் அவர் இளைஞருக்குச் சொன்ன முதல் பேச்சு, எவரையும் எதையும் தொடவிடாதீர்கள் என்பதே. மர்சால் என்னும் சிறுவன் அதை ஆணையாகவே ஏற்றான். பெற்றோரிடம் இசைவு பெற்று, குகை வாயிலில் கூடாரம் அடித்து, ரவிதாவோடு இரவும் பகலும் காவலிருந்தான். செப்டம்பர் 21 அன்று, பழங்கால ஓவிய ஆய்வில் அந்நாளில் தலைசிறந்தவராக விளங்கிய அருள்தந்தை ஆன்றி புரோய் வந்து பார்த்து, ஓவியங்கள் உண்மையானவை என்று உறுதிசெய்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அரசு லாஸ்கோவைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

சிறுவர், ஆசிரியர், அறிஞர் என மூன்று கைகள் மாறிற்று அச்செய்தி. எந்தக் கையிலும் அது விலைபோகவில்லை. ரவிதாவும் மர்சாலும் பின்னாளில் அக்குகையின் வழிகாட்டிகளாகவே பணியாற்றினர். மர்சால் 1989இல் இறக்கும்வரை அந்தக் குன்றோடு வாழ்ந்தார். கோவன்காஸ் யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய பெற்றோர் பின்னர் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமில் மாண்டனர் என்பதையும் இங்கே நினைக்காமல் கடக்க மனம் வரவில்லை.

லாஸ்கோவின் கதை முழுதும் இனியதன்று. 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட குகைக்குள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நுழைந்தனர். அவர்கள் விட்ட மூச்சின் ஈரமும் கரியமிலவாயுவும் சுவரில் பச்சைப் பாசியை வளர்த்தன. 1963இல் அரசு குகையை மூடிவிட்டது. இப்போது மக்கள் காண்பது அருகில் கட்டப்பட்ட நேர்ப்படிகளையே. பதினேழாயிரம் ஆண்டுகள் இருளில் பிழைத்திருந்த வண்ணங்கள், பதினைந்தே ஆண்டுகளில் அன்பு மிகுந்த பார்வையாளரால் ஆபத்துக்குள்ளாயின. ஆர்வம் மட்டும் எதையும் காக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மோந்தினியாக்கில் இருந்ததைப் போன்ற ஆசிரியர்கள் நம் நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரே சாட்சி. 1876இல் யாகோர் என்னும் செர்மானியர் அங்குள்ள தாழிக்காட்டைத் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் கண்டவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆதிச்சநல்லூர்ப் பிள்ளைகள் நெடுங்காலம் தம் முன்னோரின் பொருள்களைக் காண எழும்பூருக்கு இரயிலேற வேண்டியிருந்தது. பரம்பில் ஆடு மேய்த்தவர் காலில் தாழியின் விளிம்பு இடறியபோதெல்லாம், அது என்னவென்று சொல்ல அருகில் யாருமில்லை.

வைகைக் கரைக்கு வருவோம். மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியின் பெயர் இன்று எல்லார் நாவிலும் இருக்கிறது. 1970களில் அந்தப் பெயரை அறிந்தோர் சிலரே. அங்குள்ள பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்த பாலசுப்பிரமணியம், கிணறு தோண்டிய இடத்தில் பழம்பொருள்கள் கிடைப்பதை மாணவர் வாயிலாக அறிந்தார். அவற்றைத் திரட்டிப் பள்ளியில் வைத்தார். தொல்லியல் துறைக்கும் செய்தி அனுப்பினார். அத்துறையைச் சேர்ந்த வெ. வேதாசலம் வந்து பார்த்தார். இத்தனையும் செவ்வனே நடந்தது. ஆனால் அம்மண்ணில் முதல் அகழ்வுக்குழி இறங்கியது 2015இல்தான். இடையே கழிந்தவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

இந்த நாற்பது ஆண்டுகளைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அப்பகுதியில் எத்தனை கிணறுகள் வெட்டப்பட்டிருக்கும்? எத்தனை மேடுகள் மனைகளாகச் சமன் செய்யப்பட்டிருக்கும்? செங்கற் சூளைகளுக்கு எத்தனை வண்டி மண் போயிருக்கும்? கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல் தென்னந்தோப்பாக இருந்தது நம் நற்பேறு. தென்னைக்கு ஆழமாக உழவேண்டியதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் இராமகிருஷ்ணா குழுவினர் வைகையின் வழிநெடுக நடந்து, பழங்கால எச்சமுள்ள 293 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் ஒன்றே கீழடி. மற்றவற்றுக்கு அருகில் இன்று எந்தப் பள்ளி இருக்கிறது, அதில் எந்த ஆசிரியர் செவிசாய்க்கிறார் என்பதே நம் கேள்வி.

தாமிரபரணிப் பக்கம் சிவகளையிலும் ஓர் ஆசிரியரே முன்னின்றார். மாணிக்கம் என்னும் வரலாற்று ஆசிரியர் தம் ஊர்ப் பரம்பில் கிடைத்த தாழிகளையும் ஓடுகளையும் பற்றி இடைவிடாது எடுத்துச் சொன்னதன் பயனாக, 2020இல் அரசு அங்கே அகழாய்வு தொடங்கிற்று. தாழியொன்றில் கிடைத்த நெல், கி.மு. 1155ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரியவந்து, 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே. இராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றம், சிறுவரைக் கல்வெட்டுப் படிப்பவர்களாகவே ஆக்கியது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி உண்டு. 1966 முதல் 1988 வரை தமிழகத் தொல்லியல் துறையை நடத்திய இரா. நாகசாமி, ஐம்பது காசு விலையில் பழஞ்சின்னங்களுக்குக் கையேடுகள் வெளியிட்டார். பள்ளி மாணவரை அச்சின்னங்களைக் காக்கும் பணியில் ஈடுபடுத்தினார். ஐம்பது காசு ஒரு பள்ளிச் சிறுவனும் கொடுக்கக்கூடிய தொகை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இளைஞரை இப்பணிக்கு அழைக்கும்போது, அவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது எடுப்பதையா, எடுக்காமல் இருப்பதையா? கீழடியில் கிடைத்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே இதற்கு விடை தேடலாம். அங்கே தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் பல கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. தம் பானையைப் பிறர் எடுத்துவிடக் கூடாதென்று யாரோ கீறிவைத்த பெயர்களாக இருக்கலாம். அங்கு 353 செண்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என ஆய்வுக்கூடம் கணித்தது. 2019இல் மாநிலத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. ஓட்டில் பெயர் இருக்கிறது, காலம் இல்லை. கரியில் காலம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டும் எந்தெந்த மண்ணடுக்கில் கிடந்தன என்று அளந்து எழுதப்பட்டதால்தான் ஒன்று மற்றொன்றுக்காகப் பேசுகிறது. ஆர்வமுள்ள ஒரு சிறுவன் அந்த ஓட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆசிரியரிடம் ஓடியிருந்தால், பெயர் தப்பியிருக்கும், நூற்றாண்டு தொலைந்திருக்கும்.

ஆகவே நல்ல மன்றங்களில் பிள்ளைகளுக்கு மண்வெட்டி கொடுப்பதில்லை. குறிப்பேடும் அளவுநாடாவும் கொடுக்கிறார்கள். உழுத வயலில் வரிசையாக நடந்து, ஓடு தென்படும் இடத்தில் நின்று, ஊர், நிலத்தின் பெயர், அருகிலுள்ள கிணறு அல்லது மரம், நாள் ஆகியவற்றை எழுதப் பழக்குகிறார்கள். அகழாய்வு நடக்கும் இடமாயின் ஓடுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, குழியின் எண்ணையும் அடுக்கின் எண்ணையும் ஒவ்வொன்றின் மீதும் எழுதும் வேலை உண்டு. சலிப்பூட்டும் வேலைதான். ஒரு நாள் முழுதும் முந்நூறு ஓடுகளில் ஒரே எண்ணை எழுதிய சிறுவன் அதன்பின் எந்த ஓட்டையும் காலால் எத்தமாட்டான்.

ஊராரின் அச்சத்தையும் ஒளிக்காமல் பேசியாக வேண்டும். தன் நிலத்தில் பழம்பொருள் கிடைத்ததைச் சொன்னால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று உழவர் அஞ்சுகிறார். தாழி தென்பட்டால் இரவோடு இரவாக உடைத்து மூடிவிடுவதும் உண்டு. மறுபுறம், புதையல் ஆசை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். முறைப்படி தெரிவித்தவருக்கு அச்சட்டமே பங்கும் வகுத்துள்ளது. இதை அறிந்த உழவர் எத்தனை பேர்? அதிகாரி வந்து சொன்னால் ஐயுறுபவர், தம் மகள் பள்ளியில் படித்துவந்து சொன்னால் கேட்பார். கீழடியில் பலர் தம் தோப்புகளை அகழ்வுக்குத் தந்தார்கள். குழியில் இறங்கி மண் சுமந்தவர்களும் அப்பகுதி மக்களே. 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, கண்டெடுத்த பொருள்கள் கண்டெடுத்த மண்ணிலேயே நின்றன. ஆதிச்சநல்லூர் 1876இல் பெறாத பேறு இது.

இப்பணி நம் பங்குகளுக்குப் புறம்பானதென்று எவரும் கருதவேண்டாம். பழனி மலையின் கற்பதுக்கைகளை முதன்முதலில் விரிவாக அளந்து எழுதியவர்களுள் செண்பகனூர்க் குருமடத்து இயேசு சபைத் துறவியர் அங்கிளேட், நியூட்டன் இருவரும் உண்டு. அவர்கள் நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டது. அந்தத் துறவியர் அளந்த பலகைக் கற்களைப் போன்றவை தோட்டக் கொட்டிலுக்கும் வாய்க்கால் பாலத்துக்கும் எடுத்துச் செல்லப்படும் காலத்தில் நாம் இருக்கிறோம். நூறாண்டு கண்ட கோவில்களை இடித்துப் பெரிதாகக் கட்டும் ஆவலும் நம்மிடையே குறைந்தபாடில்லை. பெருகிய மக்களுக்கு இடம் வேண்டுமே என்னும் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. இடிக்குமுன் ஒரு வரைபடமும், சில நிழற்படங்களும், அடிக்கல் எழுத்தின் ஒரு படியுமாவது எடுத்துவைக்கப் பங்கிலுள்ள நான்கு இளைஞருக்கு ஒரு வாரம் போதும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பழைய பதிவேடுகள் செல்லரிக்குமுன் அவற்றின் ஆண்டு வரிசையை எழுதிவைக்க இன்னொரு வாரம்.

எல்லாவற்றிலும் அவசரமானது கல்லறைத் தோட்டம். நவம்பர் 2 நெருங்கும்போது நாம் அன்போடு கல்லறைகளைத் துடைத்து வெள்ளையடிக்கிறோம். ஆண்டுதோறும் பூசும் சுண்ணாம்பு எழுத்துக் குழிகளை நிரப்பிவிடுகிறது. மூன்று தலைமுறைக்கு முந்திய பெயர்கள் பல அந்த வெண்மைக்கு அடியில்தான் இருக்கின்றன. அக்டோபர் மாதத்திலேயே மறைக்கல்வி மாணவர் இருவர் இருவராக ஒவ்வொரு வரிசைக்கும் செல்லட்டும். வெயில் சாயும் வேளையே ஏற்றது. பக்கவாட்டில் விழும் ஒளியில் தேய்ந்த எழுத்தும் நிழல் கொண்டு எழும். வெயில் படாத கல்லுக்கு ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் எழுதிக்கொள்ளலாம். ஆணியால் கீறவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, எழுத்தில் மாவும் சாயமும் பூசவோ கூடாது. கண்டதைக் கண்டபடி, பிழையாகத் தோன்றினாலும் திருத்தாமல் எழுதவேண்டும். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைக்கவேண்டும். கல்லின் அளவும், எந்த வரிசையில் வாயிலிலிருந்து எத்தனையாவது என்பதும் மேலே வரட்டும். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைப் பங்குத்தந்தையிடமும் மற்றொன்றைப் பள்ளியிலும் வைக்கலாம். வெள்ளையடிப்பவர் வருமுன் அந்தப் பட்டியல் முடிந்திருக்க வேண்டும்.